பெத்த வயிறும் அடங்காத சிறுநீரும்: நான் பட்ட பாடு

இருமினால் கொஞ்சம், தும்மினால் கொஞ்சம், கனமாக எதையாவது தூக்கினால் உள்பாவாடை நனைகிற அளவுக்கு. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஏறக்குறைய நாலு வருஷம் எனக்கு இப்படித்தான் சிறுநீர் கசிந்தது. வீட்டுக்காரரிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, என்னோடு வேலைக்கு வருகிற பெண்களில் பலருக்கும் இதே கதை. ஒருத்திக்கு இருப்பது இன்னொருத்திக்குத் தெரியாது. ஆளாளுக்குப் பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம். யாராவது ஒருவர் முதலிலேயே விவரமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு காசும் கண்ணீரும் போயிருக்காது. அதனால் கூச்சப்படாமல் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

எனக்குக் கம்பம். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் எடைக் கணக்கு எழுதும் வேலை. காலையில் விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியாகக் கேரளாவுக்குள் போய், சாயங்காலம் இறங்கி வருவோம். ஜீப்பில் ஆட்கள் எப்படி அடைந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தூக்கிப் போடும்போது எனக்கு அடிவயிறு கலங்கும். தோட்டத்தில் கழிப்பறை கிடையாது. செடி மறைவுக்குத்தான் போக வேண்டும், அதிலும் மழைக்காலத்தில் அட்டைக்குப் பயந்து பாதிப் பேர் போகவே மாட்டார்கள். அதற்காகவே காலையில் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவோம். என் வேலை எழுதுகிற வேலைதான் என்றாலும், காய் நிறைந்த பையைத் தராசுக் கொக்கியில் தூக்கி மாட்டுவதும் நான்தான். தோள் உயரத்துக்குத் தூக்கி, மூச்சைப் பிடித்து, எக்கி மாட்ட வேண்டும். அந்த எக்கலில்தான் எனக்கு முதலில் போக ஆரம்பித்தது.

கதையைப் பிரசவத்திலிருந்தே சொல்கிறேன். இரண்டாவது பையன் நல்ல எடை, சுகப்பிரசவம், தையல் போட்டார்கள். அம்மா வீட்டில் வழக்கப்படி வெந்நீர் ஊற்றி, லேகியம் கொடுத்து, பழைய நூல் சேலையைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். கேரளப் பக்கமும் இதே கதைதான், வேதுகுளியும் முண்டு கட்டுதலும் அங்கேயும் உண்டு. அம்மாவைக் குறை சொல்லவில்லை. அந்தக் கவனிப்பில் உடம்பு தேறியது உண்மை. லேசாகக் கட்டினால் இடுப்புக்கு ஒரு பிடிமானம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மூச்சு முட்டுகிற அளவுக்கு இறுக்கிக் கட்டியபோது அடியில் ஏதோ இறங்கி வருகிற மாதிரி ஒரு பாரம் தெரிந்தது. சொன்னபோது, “பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்றார்கள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு கசிவு நாளுக்கு நாள் கூடியது. அத்தையிடம் ஒரு நாள் மெதுவாக வாயைத் திறந்தேன். “ரெண்டு புள்ள பெத்த வயிறு, அப்படித்தாண்டி இருக்கும். எனக்கும் உண்டு. இதையெல்லாம் வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, முப்பது வருஷமாக அவரும் அதோடுதான் வாழ்கிறார். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்கு அழுகை வந்துவிட்டது. வாடை அடிக்குமோ என்று ஜீப்பில் ஓரமாக ஒடுங்குவது, சிரிப்பு வந்தால் காலை இறுக்கிக்கொள்வது, கருப்புச் சேலையாகத் தேடி உடுத்துவது, ராத்திரி அவர் பக்கத்தில் வந்தாலே தட்டிக்கழிப்பது. வீரபாண்டித் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போகிறவள், கூட்டத்தில் நின்று அடக்க முடியாது என்பதற்காகவே போவதை நிறுத்தினேன். உடம்பு நோவைவிட இந்த ஒதுங்கல்தான் என்னை அதிகம் வதைத்தது.

தொப்பைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. வயிறு தொளதொளவென்று முன்னால் நின்றது, அதனால்தான் கீழே பிடிப்பு இல்லை, வயிற்றை உள்ளே தள்ளினால் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். வயிற்றுப் பெல்ட் 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். போனில் விளம்பரம் பார்த்து, தொப்பை கரைக்கும் பொடி என்று மாதம் 2,600 ரூபாய் கட்டி மூன்று மாதம் குடித்தேன். பேதிதான் ஆனது. அப்புறம் ‘30 நாளில் தட்டை வயிறு’ என்று ஒரு ஆன்லைன் வகுப்பு, 1,999 ரூபாய். மல்லாந்து படுத்து, கையைத் தலைக்குப் பின்னால் கோத்து, தம் பிடித்து எழுந்து உட்காருகிற பயிற்சிதான் பெரும்பாலும். எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் சொட்டியது. வகுப்பு நடத்தியவரிடம் செய்தி அனுப்பிக் கேட்டால், “தசை பலவீனமா இருக்கு, இன்னும் அதிகமா செய்ங்க” என்று பதில் வந்தது. செய்தேன். ஒரு மாதத்தில் நடந்தாலே கசிகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு கசிவு இருக்கிறவர்கள், அடித்தசை (சிறுநீர்ப்பையை அடியில் தாங்குகிற தசை) தேறும் முன்பே இப்படித் தம் பிடித்து எழும் பயிற்சிகளில் இறங்காதீர்கள். பயிற்சியே கெட்டது என்பதில்லை, வரிசைதான் முக்கியம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நடுவில் எரிச்சலும் வந்தது. தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்தால் வராமல் என்ன செய்யும்? பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பாமலே மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார்கள். எரிச்சல் போகும், கசிவு அப்படியே இருக்கும், மறுபடி போவேன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருந்து என்று அங்கேயே பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போயிருக்கும். எரிச்சல், காய்ச்சல், கலங்கலான சிறுநீர் இருந்தால் கிருமித்தொற்று இருக்கலாம், அதைப் பார்த்தே ஆக வேண்டும். அடிக்கடி வருகிறது என்றால் கல்ச்சர் செய்து, எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். ஆனால் இருமும்போது மட்டும் கசிவதற்கு ஆன்டிபயாடிக் மருந்தல்ல.

கடைசியாக அங்கேயே, “கர்ப்பப்பை கொஞ்சம் இறங்கியிருக்கு. ரெண்டு புள்ள ஆச்சே, எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு” என்றார்கள். எழுபதாயிரம் ஆகும் என்று சொன்னார்கள். நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடியது. எனக்கு அப்போது வயது முப்பத்தி மூன்று. என்னோடு ஜீப்பில் வரும் ஒரு மதினிதான் தடுத்தார். அவர் இதே காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுத்தவர். “எடுத்தும் போகுதுடி எனக்கு. அவசரப்படாத, வேற எடத்துல ஒருக்கா காட்டு” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். கர்ப்பப்பையை எடுப்பது சிறுநீர்க் கசிவுக்கான சிகிச்சை இல்லை. கர்ப்பப்பை முழுசாக வெளியே வருகிற அளவுக்கு இறங்கியிருந்தாலோ கட்டி இருந்தாலோ அது வேறு கதை. வெறும் கசிவுக்காக யாராவது எடுக்கச் சொன்னால் இரண்டாவது மருத்துவரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தேனிப் பக்கம் இருப்பவர்களுக்கு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நான் அங்கே போனேன். வரிசையில் காத்திருந்தது அதிகம்தான், ஆனால் உள்ளே இருந்த டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். எப்போது கசிகிறது, இருமும்போதா, அவசரமாக வந்து கழிப்பறைக்குப் போவதற்குள்ளா, இரண்டுமா என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார். படுக்க வைத்து இருமச் சொன்னார். கசிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அவரோ, “இதைப் பார்க்கத்தாம்மா இருமச் சொன்னேன்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். வயிற்றில் அழுத்தம் ஏறும்போது கசிவது ஒரு வகை, திடீரென்று முட்டிக்கொண்டு வந்து அடக்க முடியாமல் போவது இன்னொரு வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எனக்கு முதல் வகைதான் பெரிசு, இரண்டாவது கொஞ்சம். கர்ப்பப்பை எடுக்கிற அளவுக்கு இறங்கவில்லை என்றார். குறைந்தது மூன்று மாதம், தெரிந்தவர்கள் மேற்பார்வையில் இடுப்புத் தளத் தசைக்குப் பயிற்சி, அதற்குப் பிறகும் கேட்காவிட்டால்தான் ஆபரேஷன் பற்றிப் பேச்சு என்று பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுத்தார். வேலைக்குப் போகிற வழிக்குப் பக்கம் என்பதால் நான் கட்டப்பனையில் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட்டைப் பிடித்தேன். என்னைவிடச் சின்னப் பெண், மலையாளம் கலந்த தமிழ்.

அந்தப் பெண் முதலில் பயிற்சியே சொல்லவில்லை. வயிறு எப்படி வேலை செய்கிறது என்று புரிய வைத்தார். வயிற்றுக்குள் நாலு பக்கமும் தசை. மேலே மூச்சுக்கான உதரவிதானம், பின்னால் முதுகுத்தண்டை ஒட்டிய தசைகள், சுற்றி வளைத்து ஒட்டியாணம் போடுகிற இடத்தில் குறுக்கு வயிற்றுத் தசை, அடியில் சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் மலக்குடலையும் தாங்கும் இடுப்புத் தளத் தசை. ஏலக்காய் மூட்டையை நடுவில் கயிறு போட்டு இறுக்கினால் அடித்தையல்தானே முதலில் பிரியும், அப்படித்தான் என்று என் தொழிலை வைத்தே சொன்னார். பெல்ட் போட்டு இறுக்கினாலும், தம் பிடித்து எழுந்தாலும், மூச்சடக்கிப் பையைத் தூக்கினாலும் அழுத்தம் எங்கேயாவது இறங்கியாக வேண்டும். பிரசவத்தில் இழுபட்டுப் போன அடித்தசை அதைத் தாங்காது. மூத்திரக் குழாய்க்குப் பிடிமானம் கொடுக்கிற தசையும் அதுதான். வயிறு தொளதொளப்பு ஒரு பிரச்சினை, கசிவு வேறொரு பிரச்சினை. ஒன்றைச் சரி செய்தால் மற்றது தானாகச் சரியாகும் என்பது இல்லை. எனக்கு நடு வயிற்றில் நேர்த்தசை இரண்டும் பிரிந்து மூன்று விரல் உள்ளே போகிற இடைவெளி இருந்தது. இந்த இடைவெளி பெரிதாக இருந்தும் கசிவே இல்லாத பெண்கள் உண்டு, இடைவெளி இல்லாமல் கசிகிறவர்களும் உண்டு என்றார்.

அப்புறம்தான் பயிற்சி. என் அனுமதி கேட்டுக் கையுறை போட்டு உள்ளே விரல் வைத்துப் பார்த்தார். வேண்டாம் என்றால் வெளியிலிருந்தும் பார்க்கலாம் என்று முதலிலேயே சொன்னார். சுருக்கச் சொன்னார். நான் சுருக்கினேன். “சேச்சி, நீங்க கீழ தள்ளுறீங்க” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனில் பார்த்து நான் பல மாதமாகச் செய்துகொண்டிருந்த ‘கீகல்’ என்கிற அடித்தசைப் பயிற்சி, மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குவதாக இருந்திருக்கிறது. இது சகஜம்தானாம். 1948-இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதிய ஆர்னல்ட் கீகல் என்ற அமெரிக்க மருத்துவரே, அழுத்தம் காட்டும் ஒரு கருவியை வைத்துத்தான் பெண்களுக்குப் பழக்கினார். 1991-இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்துப் பரிசோதித்தபோது பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள், நாலில் ஒருவர் கசிவைக் கூட்டும் விதத்தில் செய்தார்கள். யாராவது ஒரு தடவை கை வைத்துப் பார்த்துச் சொல்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டாம்.

உடனே பிசியோவிடம் போக முடியாதவர்கள் வீட்டிலேயே ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடியுங்கள். இடுப்பின் முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் எலும்பு முட்டிக்கொண்டு இருக்கும், அதற்கு இரண்டு விரல் உள்ளே தள்ளி விரல் நுனியை அழுத்தி வையுங்கள். இப்போது சபையில் காற்று பிரியாமல் அடக்குவதையும் சிறுநீரை அடக்குவதையும் ஒரே நேரத்தில் செய்து, அந்த இடத்தை உள்ளே, மேலே இழுங்கள். சரியாகச் செய்தால் விரலுக்கு அடியில் அடிவயிறு லேசாக இறுகி உள்ளே போகும். அதுதான் குறுக்கு வயிற்றுத் தசை, அடித்தசையோடு சேர்ந்து வேலை செய்கிற கூட்டாளி. விரலை வெளியே தள்ளிக்கொண்டு வயிறு உப்பினால் நீங்கள் முக்குகிறீர்கள் என்று அர்த்தம், நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். புட்டமும் தொடையும் இறுகக் கூடாது. எனக்கு முதலில் புட்டம்தான் இறுகியது, அடியில் ஒன்றுமே நடக்கவில்லை. மூச்சைப் பிடிக்கவே கூடாது. “மூச்சுப் பிடிக்கண்டா சேச்சி, விடுங்க, விட்டுக்கிட்டே இழுங்க” என்பது இன்னமும் என் காதில் இருக்கிறது. வயிற்றை மட்டும் உள்ளே எக்கிக்கொண்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது போதாது. அடித்தசையை நேரடியாக இழுத்துப் பழக்குவதுதான் முதல் வேலை, வயிறு அதன் பின்னால் வர வேண்டும்.

எனக்கு எழுதிக்கொடுத்த அளவு இது. இழுத்து ஆறிலிருந்து எட்டு விநாடி பிடிக்க வேண்டும், முடியாவிட்டால் மூன்றில் ஆரம்பிக்கலாம். அதே அளவு நேரம் முழுசாகத் தளர விட வேண்டும். இப்படி எட்டு முதல் பத்து முறை, அப்புறம் வேகமாக இழுத்து விடுவது கொஞ்சம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, கடைசியில் நின்று. தளர விடுவதையும் பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு இந்தத் தசை எந்நேரமும் இறுகிக் கிடக்கும், வலியும் இருக்கும், அவர்கள் இன்னும் இறுக்கினால் கெடுதல். சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது வேண்டாம், பை முழுசாகக் காலியாகாமல் போகும்.

வேலையிடத்தில் என்னைக் காப்பாற்றியது வேறொரு பழக்கம். தும்மல் வரப்போகிறது என்றால் அதற்கு ஒரு நொடி முன்னால் அடித்தசையை இழுத்துப் பிடித்துவிட வேண்டும். இருமல், சிரிப்பு, எழுந்திருப்பது எல்லாவற்றுக்கும் இதேதான். பையைத் தூக்கும்போது கிட்டே போய், முழங்காலை மடக்கி, முதலில் இழுத்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். மூச்சைப் பிடித்து எக்குவதை விட்டேன். கங்காணியிடம் கேட்டுத் தராசைக் கொஞ்சம் தாழ்த்தி மாட்டச் சொன்னேன். காரணம் கேட்டார், இடுப்பு வலி என்றேன், தாழ்த்திவிட்டார். ஜீப்பில் பின் சக்கரத்துக்கு மேல் உட்காராமல் நடுவில் இடம் பிடிப்பதும் எனக்கு உதவியது.

முட்டிக்கொண்டு வருகிற பாதிக்குத் தண்ணீர்க் கணக்கு எழுதினேன். மூன்று நாள், எவ்வளவு குடித்தேன், எப்போது போனேன், எவ்வளவு போனது என்று ஒரு பழைய அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்து எழுத வேண்டும். பெரியவர்களின் சிறுநீர்ப்பை 400, 500 மில்லி வரை தாங்கும். நான் வீட்டில் இருக்கும் நாட்களில் நூறு மில்லிக்கே ஓடிக்கொண்டிருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று போய்ப் போய்ப் பை அப்படிப் பழகியிருந்தது. அவசரம் வந்ததும் ஓடாமல், நின்று, நாலைந்து தடவை வேகமாகச் சுருக்கி விட்டு, அலை அடங்கியதும் நடந்து போகச் சொன்னார் பிசியோ. வாரத்துக்கு வாரம் இடைவெளியைக் கால் மணி நேரம் கூட்டினேன். தண்ணீரைக் குறைப்பது உதவாது. சிறுநீர் கெட்டியாகி இன்னும் எரிச்சல்தான் வரும், மலச்சிக்கலும் வரும். மலச்சிக்கலில் முக்கினால் அதே அடித்தசைதான் அடி வாங்கும். தோட்டத்தில் மணிக்கொரு தடவை குடித்த கட்டன் சாயாவை (பால் இல்லாத டீயை) இரண்டாகக் குறைத்தேன், அதில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. மாதவிடாய் நாப்கினும் சிறுநீருக்குச் சரிவராது. ஈரத்தை மேலேயே வைத்திருக்கும், எனக்குத் தொடையிடுக்கு புண்ணாகிப் போனது. சிறுநீருக்கென்றே பேட் மருந்துக்கடையில் கிடைக்கிறது.

ஒன்றரை மாதம் வரை எதுவும் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்று தோன்றிய நாட்கள் உண்டு. மூன்றாவது மாதத்தில் இருமினால் போவது நின்றது. ஆறாவது மாதத்தில் பையைத் தூக்கினாலும் சேலை நனையவில்லை. இன்றைக்கும் சளி பிடித்து விடாமல் இருமினாலோ, மாதவிடாய்க்கு முந்தின நாட்களிலோ ஒரு சொட்டு போகும். பயிற்சியை ஒரு மாதம் விட்டால் திரும்பி வருகிறது, அதனால் விடுவதில்லை. வயிறு முன்பு போலத் தட்டையாகவில்லை, இடைவெளி மூன்று விரலிலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறது. அது எனக்கு இப்போது பொருட்டில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. காசுக் கணக்கு: சரியான ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் பெல்ட், பொடி, வகுப்பு, பரிசோதனை, நாப்கின், லீவு போட்டதில் போன கூலி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குக் குறையாது. பிசியோவுக்கு ஒரு தடவைக்கு 500 ரூபாய், பஸ் காசோடு சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது.

பயிற்சி கேட்காமல் ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களும் உண்டு, அது அவர்கள் குறை இல்லை, பயப்படவும் வேண்டாம். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்த்த பிறகு, உடம்புக்குள் என்ன வைக்கிறார்கள், பின்னால் என்ன தொந்தரவு வரலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மருத்துவமனையில் “வயிறு சரியில்லை”, “கீழே ஒரு மாதிரி இருக்கு” என்று சுற்றி வளைத்தால் ஸ்கேன் எழுதி அனுப்பிவிடுவார்கள். “இருமினால் சிறுநீர் கசிகிறது, பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுங்கள்” என்று நேராகக் கேளுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, முதுகு வலியோடு தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, காய்ச்சலோடு விலா வலித்தாலோ பயிற்சிக்கெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.